பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்த வாரங்கள்

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் உண்டு. ஒழுங்காக நடந்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், மாட்டிக்கொண்டால் சிவப்பு. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி மேடம் வேலைகளைத் திரையில் போட்டு வரிவரியாக இறங்கி வருவார். நாங்கள் சொல்லும் நிறத்தை அவரே தட்டி மாற்றுவார். ‘டேட்டா மாற்றம்’ என்ற வரிக்கு வரும்போது நான் கையிலிருக்கும் பேனாவை மூடி மூடித் திறப்பேன். வாய் மட்டும் தெளிவாக, “பச்சை மேடம்” என்று சொல்லிவிடும். அவரும் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

அந்தப் பச்சைக்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அண்ணனின் வாய்வார்த்தை.

அண்ணன் எனக்குச் சொந்தம் இல்லை. எங்கள் ஆபீசின் மூத்த புரோகிராமர். நான் ஹெல்ப் டெஸ்கில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கணினியை ஒரு தடவை அடைத்துத் திறந்து பாருங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களிலேயே, அவர் நெற்றியில் திருநீறோடு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். நான் சேர்ந்த முதல் நாள் பக்கத்தில் வந்து, தம்பிக்கு எந்த ஊர், எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அன்றிலிருந்து அவர் அண்ணே, நான் தம்பி. இரண்டு வருஷம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டு ஜுரு கிடங்கு ப்ராஜெக்டை நீ நடத்து என்று சொன்னபோது, அண்ணன் எனக்குக் கீழே வந்துவிட்டார். காகிதத்தில்தான். கூப்பிடுகிற முறையில் ஒன்றும் மாறவில்லை.

மேடம் எதையும் மறைத்துப் பேசவில்லை. இது எனக்குச் சோதனைக் காலம். ஜுரு வேலை நல்லபடி முடிந்தால் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை நிரந்தரம். சொதப்பினால் மறுபடியும் ஹெட்போன். “உனக்கு டெக்னிக்கல் தெரியும்பா. ஆளுங்கள வெச்சு வேலை வாங்கத் தெரியுமான்னுதான் பாக்கணும்,” என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பல வருஷம் லோரியில் சாமான் ஏற்றி இறக்கி இடுப்புப் போய்விட்டது. இப்போது டத்தோ கிராமாட்டில் எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு, ஜாகாவாக, உட்கார்கிறார். புது வேலை என்ன மாதிரி வேலை என்று கேட்டார். யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும், நேரத்துக்கு முடிகிறதா என்று கவனிக்க வேண்டும், தாமதமானால் கேட்க வேண்டும் என்று விளக்கினேன். அப்பா இடுப்புக்குத் தலையணையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“நீ செய்ய மாட்ட. செய்றவங்கள முடிச்சிட்டியா முடிச்சிட்டியான்னு கேப்ப.”

“அப்படியும் சொல்லலாம்பா.”

“அதுக்குப் பேரு அந்தக் காலத்துல கங்காணி.”

அம்மா சமையலறையில் சிரித்தது கேட்டது. விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கங்காணிகளின் அதட்டலுக்குக் கீழே பால்மரம் வெட்டியவர். கங்காணி என்ற சொல் எங்கள் வீட்டில் எந்தக் குரலில் வரும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதற்குப் பிறகு ஆபீசில் யாரிடமாவது ‘முடிச்சிட்டீங்களா’ என்று கேட்க வாயைத் திறந்தாலே அந்தச் சொல் முன்னால் வந்து நின்றது. அண்ணனிடம் கேட்பதென்றால் கேட்கவே வேண்டாம்.

கடல் பாலத்துக்கு அக்கரையில், ஜுரு என்ற ஊரில், எங்களுக்கு வேலை கொடுத்தது ஒரு கார் உதிரிப்பாகக் கிடங்கு. பிரேக் பேட், ஃபில்டர், பெல்ட் என்று ரேக் ரேக்காகக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். வடக்கே உள்ள பட்டறைகளுக்கெல்லாம் தினமும் அங்கிருந்து லோரிகள் போகும். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எத்தனை மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற சிஸ்டம் ஏறக்குறைய என் வயதுடையது. அதை எடுத்துவிட்டு, கையில் பிடிக்கும் ஸ்கேனரோடு புது சிஸ்டம் போட வேண்டும். பழையதில் இருக்கும் டேட்டா முழுவதையும் புதியதற்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றம்தான் அண்ணனின் வேலை. அது தப்பாகப் போனால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. பிரேக் பேட் கேட்டவனுக்கு ஃபேன் பெல்ட் போகும். இல்லாவிட்டால் ஒன்றுமே போகாது.

புது சிஸ்டம் தொடங்கும் நாளைக் குறித்தவர் கிடங்கின் சீன முதலாளி. அங்கே எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் சொல்வார்கள். நாள் பார்க்கும் புத்தகத்தைப் புரட்டி, கோயிலிலும் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலையைக் குறித்திருந்தார். ஊதுபத்தி ஏற்றி, சிங்க நடனம் வைத்து, சரக்கு கொடுக்கிறவர்களையெல்லாம் அழைத்துத் தொடங்கப் போகிறார்கள். கிடங்கை நடத்துவது அவருடைய மகள். “நாள் அப்பா பார்த்தது. அது மாறாது,” என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. நாங்களும் நேரம் பார்க்காமல் புது மோட்டார் சைக்கிள் எடுக்க மாட்டோம். அதனாலேயே அந்தத் தேதியைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாமிக்கு நேர்ந்துவிட்ட பொருளைப் போல அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

தேதி நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மோட்டாரில் ஜுருவுக்குப் போகப் பாலத்தைக் கடக்கும்போது நடுக்கடலில் திடீரென்று ஏதோ மறந்துவிட்டது போல இருக்கும். என்னவென்று தெரியாது. பிறை ஊரைத் தாண்டி சிக்னலில் சிவப்பு விழுந்தால்கூட என்னைத்தான் சொல்கிறதோ என்று தோன்றும். அம்மா கண் பட்டிருக்கும் என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் டெஸ்டிங் பார்க்கும் சீனப் பெண். என் வயதுதான். நாங்கள் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசிக்கொள்வோம். அவள் பேசியதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவளுக்குச் சோதிக்க அண்ணன் கொடுத்தது கொஞ்சம் டேட்டாதான். அது நன்றாக ஓடியது. முழுவதையும் கேட்டபோது அடுத்த வாரம் என்றார், அதற்கடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். ஒரு நாள் கோப்பி கலக்கும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“டேட்டா பச்சையா?”

“பச்சை.”

“நீ பார்த்தியா?”

“அண்ணன் சொன்னாரு.”

“அதைக் கேக்கல. கண்ணால பார்த்தியா?”

நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

“அவர் உன் சொந்த அண்ணனா?”

“இல்ல.”

“அப்ப கேளு லா. சொந்த அண்ணன்னாதான் கேக்கறது கஷ்டம். எனக்கும் ஒருத்தன் இருக்கான்.”

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணே என்று கூப்பிட்ட வாயால் ‘காட்டுங்க’ என்று கேட்டால், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. ஆகவே நான் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எல்லாம் ஓகேதானே அண்ணே? அவரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முடிஞ்ச மாதிரிதான் தம்பி என்பார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டு, அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போய் மேடத்திடமும், வாராந்தர ஈமெயிலில் தவுக்கேயின் மகளிடமும் பச்சையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முகம் முறியாமல் வேலை நடந்துகொண்டிருந்தது. அல்லது நடக்காமல் இருந்தது. எது என்று எனக்குத் தெரியாததுதான் என்னை அரித்தது.

நல்ல நாளுக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை, அண்ணனை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். எங்கள் ஆபீஸ் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது. கீழே இறங்கி நடந்தால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமை என்பதால் அவர் சைவம். நானும் சைவமே சொன்னேன். சாம்பார் முடிந்தது. பேச்சு அவர் மகளின் பரீட்சை, பக்கத்துக் கடையில் சேலைத் தள்ளுபடி என்று சுற்றிச் சுற்றிப் போனது. அவர் ரசத்தை ஊற்றிப் பிசையத் தொடங்கியபோது, இனிமேல் மோர்தான் பாக்கி, அதற்குள் கேட்காவிட்டால் கேட்கவே மாட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணே, முழு டேட்டாவையும் இன்னிக்கு ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?”

அவர் கை நின்றது. “யாரு கேக்கறா? மேடமா?”

“நான்தாண்ணே.”

“ஏன் தம்பி, நம்பிக்கை இல்லியா?”

இந்தக் கேள்வி வரும் என்றுதான் இத்தனை வாரமும் ஓடிக்கொண்டிருந்தேன். தயாராக வைத்திருந்த சமாதானங்களை விட்டுவிட்டேன்.

“பயமா இருக்குண்ணே,” என்றேன்.

அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்கும்தான் தம்பி.”

பிறகு மெதுவாகச் சொன்னார். பழைய சிஸ்டத்தில் ஒரு சாமானுக்கு ஒரு நம்பர் என்பது பேச்சுக்குத்தான். கிடங்கில் பலர் வந்து போயிருக்கிறார்கள். தேடிய சாமான் திரையில் கிடைக்காதபோதெல்லாம் அவரவர் ஒரு புது நம்பர் திறந்திருக்கிறார்கள். ஒரே பிரேக் பேட் நாலு நம்பரில் இருக்கிறது. ஒன்றில் சரக்கு வந்ததாக இருக்கும், இன்னொன்றிலிருந்து வெளியே போனதாக இருக்கும். அவற்றைச் சேர்க்க அண்ணன் எழுதிய புரோகிராம் கொஞ்சம் டேட்டாவுக்குச் சரியாக வந்தது. முழுவதற்கும் ஓட்டினால், கிடங்கில் இல்லாததெல்லாம் இருக்கிறது என்றது, இருப்பதைப் பூஜ்யத்துக்கும் கீழே காட்டியது. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதமாவது வேண்டும்.

“ஏண்ணே முன்னாடியே சொல்லல?”

“நீங்க ஓகேதானேன்னு கேட்டீங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது? நீங்களும் இதுக்குப் புதுசு. மேடம் முன்னாடி உங்க பேரு கெட்டுடும். நானே உக்காந்து முடிச்சிடலாம்னு பாத்தேன்.”

அவர் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து கிடங்கைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறோம். மோர் வாங்காமலே எழுந்து வந்தோம்.

மத்தியானம் அண்ணன் முழு டேட்டாவையும் ஓட்டிக் காட்டினார். டெஸ்டிங் பெண் எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அதற்கு, ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு சனிக்கிழமை தொடங்கலாம். தொடங்கினால் தவுக்கேயின் நல்ல நாளில், விருந்தாளிகள் முன்னால் லோரிகள் நிற்கும். அல்லது நாளைத் தள்ளிப்போடச் சொல்லலாம். சொன்னால், நல்ல நாளைக் கெடுத்தவன் என்று ஜுருவே பேசும். இரண்டிலும் எனக்கு ஹெட்போன்தான். மேடம் அன்று கோலாலம்பூரில் இருந்தார். போனை எடுப்பேன், அவர் பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். மறுநாளும் அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டில் பால் காய்ச்சினார்கள். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் புதிதாக வாங்கிய பிளாட். வர முடியாது என்று சொல்லியிருப்பேன், அம்மா விடவில்லை. போய்ப் பார்த்தால் வீடு பாதிதான் முடிந்திருக்கிறது. கரண்ட் இல்லை. குளியலறைக் கதவு சுவரில் சாய்த்துக் கிடந்தது. ஹாலில் சிமெண்ட் மூட்டை, அதன் மேல் விரித்த துணியில் சாமிப் படம். அக்கா பழைய வீட்டிலிருந்து தூக்கி வந்த கேஸ் அடுப்பில் பானையை வைத்தாள். பால் பொங்கி வழிந்தது. எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, எப்போது குடி வருகிறீர்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் கடைசியில்தான், முதலில் கரண்ட் வரட்டும் என்றாள் அக்கா.

“அதுவரைக்கும் நல்ல நேரம் கீழே பஸ் ஸ்டாப்புல நிக்குமா?” என்றார் மச்சான். “அதான் பாலைப் பொங்க வெச்சிட்டோம். இனிமே ஆசாரிக்காரன் வர்றப்ப வரட்டும்.”

கையில் பால் தம்ளரோடு பாயில் உட்கார்ந்திருந்த நான் அதைக் குடிக்க மறந்துவிட்டேன். அந்த வீட்டில் அன்று நடந்தது பால் பொங்கியது மட்டும்தான். ஒரு நாற்காலிகூட உள்ளே வரவில்லை. ஆனாலும் அக்கா குடி புகுந்தாகிவிட்டது. யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

கதவு இல்லாத குளியலறையைத் தாண்டி வெளியே மாடி நடைபாதைக்கு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஞாயிறு காலை அவர் பூசைக்குப் போய்விடுவார். தேவாலயத்துக்குள் போனைத் திறக்க மாட்டார். நடைபாதையிலேயே நின்றேன். உள்ளே போனால் தைரியம் போய்விடும் போலிருந்தது. கடைசியில் அவரே கூப்பிட்டார்.

“டேட்டா சிவப்பு மேடம்,” என்றேன்.

“போன திங்கக்கிழமை என்ன சொன்ன?”

“பச்சை.”

“நடுவுல மஞ்சள்னு ஒண்ணு இருக்கு. தெரியுமா?”

தெரியும் என்று முனகினேன். அண்ணன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் சரியாகக் கேட்கவில்லை மேடம் என்றேன். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: நாலு நம்பர் பிரேக் பேட், ஒரு மாதம், அக்கா வீட்டுப் பால். நல்ல நாளில் ஒரே ஒரு ரேக்கை மட்டும் புது சிஸ்டத்தில் தொடங்கலாம், மற்றவை பழையதிலேயே ஓடட்டும், பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம் என்றேன். எதிர்முனையில் கார்க் கதவு அடைபடும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு ஜுரு போறோம். நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்காருவேன், வாயத் திறக்க மாட்டேன்.”

மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்த வரி சிவப்பானது. மேடம் அதைத் தட்டியபோது அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் எந்த ரேக் என்று நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அண்ணன் யோசிக்கவே இல்லை, ஆயில் ஃபில்டர் என்றார். ஃபில்டர் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதால் அதில் இரட்டை நம்பர் கிடையாது. டெஸ்டிங் பெண் சிக்கலைக் கண்டுபிடித்தாள். ஒரு பட்டறைக்காரன் ஃபில்டரும் பெல்ட்டும் சேர்த்துக் கேட்டால் இரண்டு சிஸ்டத்திலிருந்தும் இரண்டு டெலிவரி சீட்டு அடிக்க வேண்டும். ஃபில்டருக்குத் தனியாக ஒரு ஆளைப் போட்டால் சமாளிக்கலாம் என்று அவளே வழியும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அதையும், ஏதாவது கெட்டால் ஃபில்டரைப் பழையதுக்குத் திருப்புவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டாள். இந்த முறை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஜுருவுக்குக் கிளம்பும்போது அண்ணன் தானும் வருவதாகச் சொல்லித் தன் காரிலேயே என்னை அழைத்துப் போனார். மேடம் தன் காரில் பின்னால் வந்தார். ஜுரு வந்ததும், “டேட்டா பத்திக் கேட்டா நான் சொல்றேன் தம்பி,” என்றார், அவ்வளவுதான்.

கிடங்கின் மாடி அறையில் தவுக்கேயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் சொன்னபடியே என் பக்கத்தில் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மலாயில் தொடங்கினேன். முழுவதும் தயாராக இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் மகளின் முகம் இறுகிவிட்டது. வாராவாரம் பச்சை என்று நீதானே எழுதி அனுப்பினாய், அதை நம்பித்தானே ஆட்களை அழைத்தோம் என்று ஆங்கிலத்தில் பொரிந்தார். ஒவ்வொன்றும் நியாயம். நான் ஆமாம், ஆமாம் என்றேன். அண்ணன் குறுக்கே வந்து நம்பர் கதையைச் சொன்னார், கணக்கு தப்பியது தன் வேலையில்தான் என்றும் சொன்னார்.

தவுக்கே அதுவரை தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை முடியுமா முடியாதா என்று கேட்டார். அக்கா வீட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கிறது என்று காது எரிந்தது. வீடு முடியவில்லை, கரண்ட் இல்லை, ஆனாலும் நல்ல நேரத்தில் பால் பொங்கியது, அதுதான் தொடக்கம், சாமான்கள் பிறகு வரும் என்றேன்.

“நாங்க புது வீட்டுக்கு அரிசிப் பானையத் தூக்கிட்டுப் போவோம்,” என்றார் தவுக்கே, மலாயில். மகள் பக்கம் திரும்பினார். “நீ பொறந்த வீட்டுக்கு அரிசிப் பானையும் ஒரு வெளக்கமாறும்தான் மொதல்ல போச்சு.”

“வீடு வேற, வியாபாரம் வேற பா,” என்றார் மகள்.

தவுக்கே என்னைப் பார்த்தார். “முழுசா தொடங்கினா என் லோரி நிக்குமா?”

“நிக்கும்.”

“நிக்கும்னு நினைக்கிறியா, தெரியுமா?”

“தெரியும். ஓட்டிப் பாத்துட்டேன்.”

“ஒரு ரேக்னா?”

“நிக்காது. கெட்டாலும் அந்த ஒரு ரேக்கை அரை மணியில பழையதுக்குத் திருப்பிடலாம். அதையும் ஓட்டிப் பாத்துட்டேன்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொன்னார். மகள் சம்மதித்தார். கோபம் போகவில்லை. ஒரு நிபந்தனை வைத்தார். இனிமேல் தனக்கு நிறம் எதுவும் அனுப்பக் கூடாது. வியாழக்கிழமைதோறும் எங்கள் ஆபீசுக்கே வருவார். அன்று எது ஓடுகிறதோ அதைத் திரையில் அவர் கண்முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாததை ஓடவில்லை என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை கிடங்கு வாசலில் ஊதுபத்திப் புகை கண்ணை எரித்தது. விருந்தாளிகள் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். சிங்கம் வரிசைகளுக்கு நடுவில் ஆடிப் போனது. தவுக்கே தாமே ஸ்கேனரைப் பிடித்து முதல் ஃபில்டர் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினார். சரியாகப் படித்தால் அது ஒரு சத்தம் கொடுக்கும். மத்தளத்திலும் ஜாலராவிலும் ஒன்றும் காதில் விழவில்லை. ஓடியதா இல்லையா என்று தெரியவில்லை. தூண் பக்கத்தில் லேப்டாப்போடு நின்ற டெஸ்டிங் பெண் திரையைப் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு கட்டை விரலைத் தூக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். மொத்தச் சிஸ்டமும் தொடங்கிவிட்டதாகத்தான் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். வாசலில் லோரி ஒன்று பின்னால் வந்து நின்றது. அதில் ஏறிய ஃபில்டர்களுக்குப் புதுச் சீட்டு, மற்றவற்றுக்குப் பழைய சீட்டு. டிரைவர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கிளம்பினார்.

சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது மேடம் என் பக்கம் வந்தார்.

“அடுத்த ரேக் எப்போ?”

இரண்டு வாரம் மேடம் என்ற பதில் நாக்கு நுனியில் சுடச்சுட நின்றது. அவர் கேட்க விரும்பியதும் அதுவாகத்தான் இருக்கும்.

“தெரியல மேடம். பிரேக் பேட் இன்னும் பாதி சேரல. வியாழக்கிழமை பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.”

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“உன் சோதனைக் காலத்த நீட்டியிருக்கேன். கடைசி ரேக் மாறுற வரைக்கும். அதுக்கப்புறம்தான் நிரந்தரமா இல்லியான்னு பேசுவோம்,” என்றார். “சாப்பிடு போ.”

சரி என்றேன். வேலை போகவும் இல்லை, கிடைக்கவும் இல்லை. கிடங்கின் உட்புறத்தில் ரேக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கு எட்டாத மூலை வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. அத்தனையையும் மாற்றியாக வேண்டும். சாப்பாட்டுப் பக்கம் போகத் தோன்றவில்லை. அண்ணன் யாரிடமும் சொல்லாமல், லேப்டாப்பைத் திறந்தபடி கையில் ஏந்திக்கொண்டு, பிரேக் பேட் வரிசைக்குள் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நானும் பின்னால் போனேன்.